மருத்துவத் தகவல்களின் மின்னணுப் பரிமாற்றம்: மைய முறையும் நேரிடை முறையும்

ஒரு மருத்துவமனையில் உருவான நோயாளியின் பதிவை இன்னொரு மருத்துவமனையின் மருத்துவர் கணினி வழியாகப் பெற்றுப் பார்ப்பதே மருத்துவத் தகவல்களின் மின்னணுப் பரிமாற்றம் ஆகும். ஒவ்வாமை, உட்கொள்ளும் மருந்துகள், ஆய்வக முடிவுகள், ஸ்கேன் படங்கள், அறுவை சிகிச்சைக் குறிப்புகள், டிஸ்சார்ஜ் சம்மரி ஆகியவை இவ்வாறு பரிமாறப்படுகின்றன. இதற்கு அடிப்படையில் இரண்டு வழிகள் உள்ளன. எல்லாப் பதிவுகளையும் ஓரிடத்தில் சேர்த்து வைத்து, வேண்டியவர்கள் அங்கிருந்து எடுத்துக்கொள்வது மைய முறை. பதிவுகளை அவை உருவான இடத்திலேயே வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது ஒரு நிறுவனம் இன்னொரு நிறுவனத்திடம் நேராகக் கேட்டுப் பெறுவது நேரிடை முறை. கணினித் துறையினர் இதைப் 'பியர் டு பியர்' என்று அழைக்கின்றனர்.

இவற்றுள் எது சிறந்தது என்ற விவாதம் 1990களில் அமெரிக்காவில் சூடுபிடித்து, பின்னர் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் தொடர்ந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் இது பொறியாளர்களின் விவாதம். உண்மையில் நோயாளியின் பதிவு யார் பொறுப்பில் இருக்க வேண்டும், அதை யார் பார்க்கலாம், தவறு நேர்ந்தால் யார் பதில் சொல்வது, செலவை யார் ஏற்பது என்ற கேள்விகளே இதன் அடியில் உள்ளன.

இரு முறைகளும் இயங்கும் விதம்

பள்ளிக்கூட நடைமுறை ஒன்றைக் கொண்டு இந்த வேறுபாட்டை எளிதில் விளங்கிக்கொள்ளலாம். பொதுத்தேர்வு மதிப்பெண்கள் தேர்வுத் துறையிடம் மொத்தமாக உள்ளன. மதிப்பெண் பட்டியல் தொலைந்தால், மாணவர் எந்தப் பள்ளியில் படித்திருந்தாலும் அங்கிருந்து நகல் பெறலாம். இது மைய முறை. மாற்றுச் சான்றிதழ் அப்படியன்று. அதற்கான பதிவேடு மாணவர் படித்த பள்ளியில் மட்டுமே உண்டு. அது வேண்டுமென்றால் அந்தப் பள்ளிக்கே செல்ல வேண்டும். அந்தப் பள்ளி மூடப்பட்டிருந்தால் சிக்கல்தான். இது நேரிடை முறை.

மைய முறையில் மருத்துவர் ஓரிடத்தில் கேட்டால் போதும்; விடை விரைவில் கிடைக்கும். மக்கள்தொகை முழுவதற்கும் நோய்ப்பரவல் குறித்த ஆய்வுகளையும் செய்ய முடியும். ஆனால் அந்த ஓரிடம் பழுதானால் எல்லோருக்கும் வேலை நின்றுவிடும். அந்த ஓரிடத்தில் திருடன் நுழைந்தால் எல்லோருடைய பதிவும் அவன் கைக்குப் போய்விடும்.

நேரிடை முறையில் ஒவ்வொரு மருத்துவமனையும் தன் பதிவுக்குத் தானே காவலாக இருக்கிறது. ஓரிடத்தில் இழப்பு நேர்ந்தாலும் மற்ற இடங்கள் தப்பிவிடும். இங்கே வேறொரு தொல்லை உண்டு. நோயாளியின் பதிவு எந்தெந்த மருத்துவமனைகளில் இருக்கிறது என்பது கேட்பவருக்கு முதலில் தெரிய வேண்டும். தெரிந்தாலும், கேட்கும் நேரத்தில் அந்த மருத்துவமனையின் கணினி இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். இரு கணினிகளும் ஒரே மொழியில் பேசவும் வேண்டும்.

இவ்விரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. பதிவுகள் அந்தந்த இடத்திலேயே இருக்கும். எது எங்கே இருக்கிறது என்று காட்டும் அடைவு மட்டும் மையத்தில் இருக்கும். 1999இல் வெளிவந்த நாப்ஸ்டர் என்ற இசைப் பகிர்வுச் சேவை இந்த அமைப்பையே கொண்டிருந்தது. பாடல் கோப்புகள் பயனர்களின் கணினிகளில் இருந்தன. பட்டியல் மட்டும் நிறுவனத்தின் சர்வரில் இருந்தது. மருத்துவத் துறையில் 'நேரிடை' என்று பெயர் பெற்ற திட்டங்களுள் பலவும் உண்மையில் இந்த வகையைச் சேர்ந்தவையே.

தொடக்க காலம்

அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரில் உள்ள ரீகன்ஸ்ட்ரீஃப் நிறுவனம் 1972இல் மருத்துவப் பதிவுகளைக் கணினியில் ஏற்றத் தொடங்கியது. இதை முன்னின்று நடத்தியவர் கிளெமன்ட் மெக்டொனால்டு என்ற மருத்துவர். கணினி நினைவூட்டினால் மருத்துவர்கள் விட்டுவிடும் பரிசோதனைகளும் சிகிச்சைகளும் குறையும் என்பதை அவர் 1976இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் எடுத்துக்காட்டினார். மனித நினைவாற்றல் எல்லைக்கு உட்பட்டது. கவனக்குறைவு அல்லாமல் தகவல் மிகுதியே பிழைகளுக்குக் காரணம் என்பது அவர் வாதம்.

அக்காலத்தில் ஒவ்வொரு மருத்துவமனையும் தனக்கென ஒரு மென்பொருளை வைத்திருந்தது. ஒன்றின் பதிவை மற்றொன்றால் படிக்க இயலவில்லை. இந்தக் குறையைப் போக்க 1987இல் எச்.எல்.7 என்ற அமைப்பு தோன்றி, மருத்துவச் செய்திகளை அனுப்புவதற்கான பொது வடிவத்தை உருவாக்கியது. எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களுக்கு 'டைகாம்' என்னும் தரநிலை 1993இல் அப்பெயரோடு வெளிவந்தது. ஆய்வகப் பரிசோதனைகளுக்குப் பொதுக் குறியீடுகள் தரும் 'லாயிங்க்' முறையை ரீகன்ஸ்ட்ரீஃப் நிறுவனம் 1994இல் தொடங்கியது. ஒரே பரிசோதனையை ஒரு மருத்துவமனை 'சர்க்கரை' என்றும் இன்னொன்று 'குளுக்கோஸ்' என்றும் எழுதினால் கணினிக்கு அவை இரண்டு வேறு பொருள்களாகும். பொதுக் குறியீடு இந்தக் குழப்பத்தை நீக்குகிறது. மைய முறையோ நேரிடை முறையோ, இத்தகைய தரநிலைகள் இல்லாமல் எதுவும் இயங்காது.

1990களின் வட்டார வலையமைப்புகள்

ஜான் ஏ. ஹார்ட்ஃபோர்டு அறக்கட்டளை 1990இல் அமெரிக்க மாநிலங்கள் சிலவற்றில் வட்டார மருத்துவத் தகவல் அமைப்புகளை நிறுவ நிதி வழங்கியது. ஒரு வட்டாரத்தின் மருத்துவமனைகள் அனைத்தும் தங்கள் தகவல்களை ஒரு பொதுக் களஞ்சியத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது திட்டம். இதைத் தொடர்ந்து வேறு பல வட்டார வலையமைப்புகளும் தோன்றின. பத்தாண்டு முடிவதற்குள் அவற்றுள் பெரும்பாலானவை கைவிடப்பட்டன.

தோல்விக்கு முதன்மையான காரணம் தொழில்நுட்பம் அன்று. அமெரிக்காவில் மருத்துவமனைகள் ஒன்றோடொன்று போட்டியிடும் நிறுவனங்கள். தங்கள் நோயாளிகள் யார், எந்தச் சிகிச்சை எவ்வளவு நடக்கிறது என்ற விவரங்களைப் பொதுக் களஞ்சியத்தில் கொட்டுவது, கடையின் கணக்குப் புத்தகத்தை எதிர்க்கடைக்காரரிடம் கொடுப்பதற்கு ஒப்பாகும் என்று அவை கருதின. தொலைத்தொடர்புச் செலவும் அக்காலத்தில் மிக அதிகம். இந்த அனுபவத்துக்குப் பிறகு, 'பதிவை யாரும் யாரிடமும் ஒப்படைக்க வேண்டாம். கேட்கும்போது காட்டினால் போதும்' என்ற எண்ணம் வலுப்பெற்றது.

சான்டா பார்பரா சோதனை

அந்த எண்ணத்துக்குச் செயல்வடிவம் கொடுத்தது கலிஃபோர்னியா மாநிலத்தின் சான்டா பார்பரா மாவட்டத் திட்டம். கலிஃபோர்னியா ஹெல்த்கேர் அறக்கட்டளை இதற்கு 1 கோடி டாலர் வழங்கியது. 1998–99இல் பணி தொடங்கியது. தொழில்நுட்பத்தை அமைத்துத் தந்தது கேர்சயன்ஸ் என்ற நிறுவனம். அதன் தலைவராக இருந்தவர் டேவிட் பிரெய்லர் என்ற மருத்துவர்.

நோயாளியின் பதிவு அது உருவான மருத்துவமனையிலோ ஆய்வகத்திலோ தங்கியிருக்கும். நோயாளி யார் என்று அடையாளம் காணும் அடைவும், அவருடைய பதிவுகள் எங்கே உள்ளன என்று காட்டும் சேவையும் மட்டுமே பொதுவில் இருக்கும். மருத்துவர் கேட்டவுடன் அந்தச் சேவை இடங்களைச் சுட்டிக்காட்டும்; பதிவுகள் அங்கிருந்து நேராக மருத்துவரின் திரைக்கு வரும். பதிவின் மீதுள்ள உரிமையை எந்த மருத்துவமனையும் இழக்காது. போட்டி நிறுவனங்களையும் ஒரே மேசைக்குக் கொண்டுவரக்கூடிய திட்டம் என இது நாடு முழுவதும் புகழப்பட்டது.

2004 ஏப்ரலில் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ், மின்னணு மருத்துவப் பதிவுகளை ஊக்குவிக்கத் தேசிய ஒருங்கிணைப்பாளர் பதவி ஒன்றை உருவாக்கினார். அடுத்த மாதம் அப்பதவிக்கு முதன்முதலாக நியமிக்கப்பட்டவர் டேவிட் பிரெய்லரே. சான்டா பார்பராவை முன்மாதிரியாகக் கொண்டு அமெரிக்காவின் பல பகுதிகளில் வட்டாரத் தகவல் அமைப்புகள் முளைத்தன. ஆயினும் முன்மாதிரியே நிலைக்கவில்லை. 2006 டிசம்பரில் சான்டா பார்பரா திட்டம் மூடப்பட்டது.

காரணங்களை ஆய்வாளர்கள் பின்னர் அலசினர். மென்பொருள் பலமுறை தாமதமானது. ஒரு நிறுவனத்தின் பதிவு இன்னொரு நிறுவனம் வழியாகக் கசிந்தால் சட்டப்படி யார் பொறுப்பு என்ற கேள்வி நீண்ட காலம் தீரவில்லை. அறக்கட்டளையின் பணம் இருந்தவரை எல்லோரும் கூட்டங்களுக்கு வந்தனர். பணம் முடிந்ததும் செலவை ஏற்க யாரும் முன்வரவில்லை. ஆய்வகங்களிலிருந்து முடிவுகளைப் பெறுவதற்கு மருத்துவர்களுக்கு ஏற்கெனவே வேறு வழிகள் இருந்தன. பரிமாற்றத்தால் பயன் பெறுபவர் நோயாளி. செலவு செய்பவர் மருத்துவமனை. இந்த இடைவெளியை எந்தத் தொழில்நுட்பமும் நிரப்பவில்லை.

அடையாளச் சிக்கலும் சேர்ந்துகொண்டது. ஒரே பெயரும் ஒரே பிறந்த நாளும் கொண்ட இருவருள் யாருடைய பதிவு இது என்று உறுதிசெய்யப் பொது எண் வேண்டும். அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று நோயாளிகளுக்குத் தனி அடையாள எண் வழங்க வழிசெய்தது. ஆனால் தனியுரிமை குறித்த அச்சத்தால், அதற்கு அரசுப் பணம் செலவிடுவதை நாடாளுமன்றம் 1998இலேயே தடுத்துவிட்டது. எண் இல்லாத நாட்டில், பரவிக் கிடக்கும் பதிவுகளை ஒருவருக்கு உரியனவென்று இணைப்பது கடினமான வேலையாயிற்று.

இண்டியானாபோலிஸ் காட்டிய நடுவழி

அதே நாட்டில் இன்னொரு நகரம் வேறு வகையில் வெற்றி கண்டது. இண்டியானாபோலிஸ் மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளை ரீகன்ஸ்ட்ரீஃப் நிறுவனம் 1990களின் நடுப்பகுதியில் இணைத்தது. இங்கே பதிவுகள் அனைத்தும் ஒரே மையத்திலுள்ள கணினிகளில் வைக்கப்பட்டன. ஆனால் அவை ஒன்றாகக் கலக்கப்படவில்லை. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் தனித்தனிப் பெட்டகம் இருந்தது. வங்கியின் பாதுகாப்பு அறை ஒன்றாக இருந்தாலும் லாக்கர்கள் தனித்தனியே இருப்பதுபோல் இதைக் கருதலாம். எல்லாப் பெட்டகங்களிலும் ஒரே வகைக் குறியீடுகள் பயன்பட்டதால், நோயாளி அவசர சிகிச்சைக்கு வந்தவுடன் அவருடைய பதிவுகள் எல்லாப் பெட்டகங்களிலிருந்தும் ஒரே திரையில் தோன்றின.

இந்த அமைப்பை நடத்தியது எந்த மருத்துவமனைக்கும் போட்டியாளராக இல்லாத ஓர் ஆய்வு நிறுவனம். அதன் மீது நகரத்து மருத்துவர்களுக்குப் பல ஆண்டுகளாக நம்பிக்கை வளர்ந்திருந்தது. சான்டா பார்பராவில் இல்லாததும் இண்டியானாபோலிஸில் இருந்ததும் இந்த நம்பிக்கையே எனலாம்.

டென்மார்க்: கடிதம் போன்ற பரிமாற்றம்

ஐரோப்பாவில் டென்மார்க் மிக எளிய வழியில் தொடங்கியது. 1994இல் அமைக்கப்பட்ட மெட்காம், பெரிய களஞ்சியம் எதையும் கட்டவில்லை. மருத்துவர்கள் ஒருவருக்கொருவர் ஏற்கெனவே அனுப்பிக்கொண்டிருந்த காகிதங்கள் எவை என்று பார்த்தது. மருந்துச்சீட்டு, ஆய்வக முடிவு, மேல்சிகிச்சைப் பரிந்துரை, டிஸ்சார்ஜ் கடிதம் ஆகியவற்றுக்கு மின்னணு வடிவம் கொடுத்தது. குடும்ப மருத்துவர்கள் ஏறக்குறைய அனைவரும் இம்முறைக்கு மாறினர். 1968 முதல் குடிமக்கள் அனைவருக்கும் தனி எண் இருந்ததால் அடையாளக் குழப்பமும் எழவில்லை.

இதன் எல்லையும் தெளிவானது. கடிதம் யாருக்கு எழுதப்படுகிறதோ அவருக்கு மட்டுமே போய்ச் சேரும். வெளியூரில் விபத்தில் சிக்கியவருக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவருக்கு யாரும் முன்கூட்டியே கடிதம் அனுப்பியிருக்க மாட்டார்கள். அவர் தாமாகத் தேடிப் பார்க்க வழி வேண்டும். அதனால் டென்மார்க்கும் 2003இல் நாடு தழுவிய மருத்துவ இணையவாசல் ஒன்றைச் சேர்த்துக்கொண்டது.

இங்கிலாந்தின் பெருந்திட்டம்

மைய முறையின் மிகப் பெரிய முயற்சி இங்கிலாந்தில் நடந்தது. அந்நாட்டின் மருத்துவச் சேவை அரசுடையது. ஒவ்வொருவருக்கும் 10 இலக்க மருத்துவ எண் உண்டு. ஆகவே மைய முறைக்கு இதைவிடப் பொருத்தமான நாடு இருக்க முடியாது என்று பலரும் எண்ணினர். டோனி பிளேர் அரசு 2002இல் தேசியத் தகவல்தொழில்நுட்பத் திட்டத்தைத் தொடங்கியது. ஏறத்தாழ 5 கோடி மக்களின் பதிவுகளை இணைப்பது நோக்கம். 'ஸ்பைன்', அதாவது முதுகெலும்பு, என்பது அதன் தேசிய மையத்தின் பெயர். இங்கிலாந்து ஐந்து வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டு, பெரிய நிறுவனங்களிடம் ஒப்பந்தங்கள் ஒப்படைக்கப்பட்டன. முழுச் செலவு 1,240 கோடி பவுண்டு ஆகும் என்று தேசியத் தணிக்கை அலுவலகம் 2006இல் கணக்கிட்டது.

விரிவான பதிவுகளுக்கான மென்பொருள்கள் மேலிருந்து மருத்துவமனைகளுக்குத் தரப்பட்டன. தங்களுக்கு என்ன தேவை என்று மருத்துவர்களிடமும் செவிலியர்களிடமும் போதுமான அளவு கேட்கப்படவில்லை. பணிகள் ஆண்டுக்கணக்கில் பின்தங்கின. அக்சென்ச்சர் நிறுவனம் 2006இல் விலகியது. ஃபுஜிட்சு நிறுவனத்தின் ஒப்பந்தம் 2008இல் முறிந்தது. 2006 ஏப்ரலில் கணினித் துறைப் பேராசிரியர்கள் 23 பேர், திட்டத்தைத் தனிக்குழு ஒன்று மதிப்பிட வேண்டும் என்று நாடாளுமன்றக் குழுவுக்கு வெளிப்படையான கடிதம் எழுதினர். ஒவ்வாமை, மருந்துகள் அடங்கிய சுருக்கப் பதிவை நோயாளியிடம் முன் ஒப்புதல் கேட்காமலே மையத்தில் ஏற்றலாமா என்பது குறித்தும் கடும் வாதம் நடந்தது. 2011 செப்டம்பரில் அரசு திட்டத்தைக் கலைப்பதாக அறிவித்தது.

இதை முழுத் தோல்வி என்று சொல்வதும் சரியாகாது. ஸ்பைன் இன்றும் இயங்குகிறது. 2014இல் திறமூல மென்பொருளைக் கொண்டு அது மீண்டும் கட்டப்பட்டது. ஸ்கேன் படங்களைக் கணினியில் காணும் வசதி மருத்துவமனைகளுக்கு வந்தது. சுருக்கப் பதிவு இன்று பெரும்பாலான மக்களுக்கு உள்ளது. நோயாளி ஒரு குடும்ப மருத்துவரை விட்டு இன்னொருவரிடம் செல்லும்போது, பழைய மருத்துவரின் கணினியிலிருந்து புதியவரின் கணினிக்குப் பதிவை அனுப்பும் ஏற்பாடும் இதே திட்டத்தில் உருவானது. மைய முறையின் நடுவே நேரிடை முறையின் சாயல் கொண்ட பகுதி ஒன்று நன்றாக வேலை செய்தது குறிப்பிடத்தக்கது.

அடுத்து வந்த கேர்.டேட்டா திட்டம் வேறொரு பாடம் தந்தது. குடும்ப மருத்துவர்களிடம் உள்ள பதிவுகளை ஆராய்ச்சிக்காகவும் திட்டமிடுதலுக்காகவும் மையத்தில் சேர்ப்பது அதன் நோக்கம். 2014 சனவரியில் வீடுதோறும் துண்டறிக்கை அனுப்பப்பட்டது. விளம்பரத் தாள்களோடு அது குப்பைக்குப் போயிற்று என்றும், விலகிக்கொள்ளும் வழியைத் தெளிவாகச் சொல்லவில்லை என்றும் குறைகூறினர். அடுத்த மாதமே திட்டம் நிறுத்திவைக்கப்பட்டு, 2016 சூலையில் மூடப்பட்டது. நல்ல நோக்கம் இருந்தும், மக்களிடம் முறையாகச் சொல்லிக் கேட்காததால் கெட்டுப்போன திட்டம் இது.

நெதர்லாந்து: பதிவு மையத்தில் இல்லை, ஆயினும் எதிர்ப்பு

பதிவுகளை மையத்தில் வைக்காவிட்டால் எதிர்ப்பு வராது என்று எண்ணியவர்களுக்கு நெதர்லாந்து விடை சொன்னது. அங்கே பதிவுகள் குடும்ப மருத்துவர்களிடமும் மருந்தகங்களிடமுமே இருந்தன. 'தேசிய இணைப்பு நிலையம்' ஒன்று, யாருடைய பதிவு எங்கே உள்ளது என்ற அடைவை மட்டும் வைத்திருந்து, கேள்விகளை உரிய இடத்துக்குத் திருப்பிவிட்டது. இதைச் சட்டமாக்கும் மசோதா 2009இல் கீழவையில் நிறைவேறியது. 2011 ஏப்ரல் 5 அன்று மேலவை அதை ஒருமனதாக நிராகரித்தது.

நாட்டிலுள்ள எந்த மருத்துவரும் எவருடைய பதிவையும் எட்டிப் பார்க்கக்கூடிய ஒரே கதவு அது என்பதே எதிர்ப்பாளர்களின் கவலை. பதிவுகள் பல இடங்களில் இருந்தாலும், அவற்றுக்கெல்லாம் திறவுகோல் ஓரிடத்தில் இருந்தால் மைய முறையின் ஆபத்து அங்கும் உண்டு என அவர்கள் வாதிட்டனர். பின்னர் மருத்துவத் துறையினரின் சங்கங்களே அந்த நிலையத்தை ஏற்று, நோயாளியின் வெளிப்படையான ஒப்புதல் இருந்தால் மட்டுமே பகிர்வது என்ற விதியோடு நடத்தலாயின.

எஸ்டோனியா: மையமும் நேரிடையும் ஒன்றாக

ஏறத்தாழ 13 இலட்சம் மக்கள் வாழும் எஸ்டோனியா இரு முறைகளையும் இணைத்தது. 2001இல் தொடங்கப்பட்ட 'எக்ஸ்-ரோடு' என்ற பரிமாற்ற அமைப்பில், ஒவ்வொரு நிறுவனத்தின் வாசலிலும் ஒரு பாதுகாப்பு சர்வர் உண்டு. தகவல் ஒரு நிறுவனத்தின் பாதுகாப்பு சர்வரிலிருந்து மற்றொன்றின் சர்வருக்கு நேராகச் செல்கிறது. நடுவில் யாரும் அதைத் திறப்பதில்லை. ஒவ்வொரு செய்தியிலும் அனுப்பியவரின் மின் கையொப்பமும் நேரமுத்திரையும் இருக்கும்.

இந்தப் பாதை வழியாக மருத்துவமனைகள் தங்கள் ஆவணங்களை, 2008 இறுதியில் இயங்கத் தொடங்கிய தேசிய மருத்துவத் தகவல் அமைப்புக்கு அனுப்புகின்றன. ஆகவே பாதை நேரிடையானது, சேமிப்பு மையமானது. 2010இல் மின்னணு மருந்துச்சீட்டும் வந்தது. குடிமக்கள் தங்கள் பதிவைத் தாங்களே பார்க்கலாம். அதோடு, தங்கள் பதிவை எந்த மருத்துவர் எப்போது பார்த்தார் என்பதையும் அறியலாம். காரணமின்றிப் பார்த்தவர் பதில் சொல்ல வேண்டும். பூட்டைவிட இந்தக் கண்காணிப்பே மக்களின் நம்பிக்கைக்கு அதிகம் உதவியது எனலாம்.

வெள்ளமும் திருட்டும்

இரு முறைகளின் பலமும் பலவீனமும் நெருக்கடிக் காலங்களில் வெளிப்பட்டன. 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரை மூழ்கடித்தபோது, மருத்துவமனைகளின் காகிதப் பதிவுகள் பெருமளவில் அழிந்தன. புற்றுநோய்க்கும் சர்க்கரை நோய்க்கும் சிகிச்சை பெற்றுவந்தோர், தாங்கள் உட்கொண்ட மருந்துகளின் பெயர்கூடத் தெரியாமல் வேறு ஊர்களில் தஞ்சம் புகுந்தனர். முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் துறையின் பதிவுகளோ கணினியில் இருந்ததால் வேறு ஊர்களில் மீட்டெடுக்கப்பட்டன. பதிவு அது உருவான ஒரே இடத்தில் மட்டும் இருப்பது எவ்வளவு ஆபத்து என்பதை அந்த வெள்ளம் காட்டியது.

மறுபக்கத்தைக் காட்டியது சிங்கப்பூர். 2018 சூன், சூலை மாதங்களில் சிங்ஹெல்த் மருத்துவக் குழுமத்தின் தரவுத்தளத்தில் ஊடுருவியவர்கள், 15 இலட்சம் நோயாளிகளின் பெயர், முகவரி முதலிய விவரங்களைத் திருடினர். அவர்களுள் 1,60,000 பேரின் மருந்து விவரங்களும் பறிபோயின. பிரதமர் லீ சியன் லூங்கின் விவரங்களும் அவற்றுள் அடங்கும். ஓரிடத்தில் குவிந்த செல்வம் கள்வரை ஈர்க்கும் என்பதற்கு இது சான்று. அதே வேளையில், சிறிய மருத்துவமனை ஒன்று தன் கணினிகளுக்குத் தானே வல்லுநர்களை வைத்துக் காவல் காப்பது இன்னும் கடினம் என்பதையும் மறக்கலாகாது.

இந்தியாவின் தேர்வு

இந்தியாவில் நெடுங்காலமாகப் பதிவைச் சுமந்து செல்பவர் நோயாளியே. பழைய மருந்துச்சீட்டுகளும் ஸ்கேன் படங்களும் அடங்கிய பையோடு மருத்துவமனை வாசலில் காத்திருப்போரை எந்த ஊரிலும் காணலாம். அந்தப் பை தொலைந்தால் நோயின் வரலாறும் தொலையும். தமிழ்நாட்டில் கருவுற்ற தாய்மாரின் விவரங்களைப் பதியும் 'பிக்மி' போன்ற மைய முறைகள் குறிப்பிட்ட பணிகளுக்கு மட்டும் உள்ளன.

2019இல் வெளியான தேசிய டிஜிட்டல் சுகாதார வரைவுத்திட்டம், பதிவுகள் உருவான இடத்திலேயே இருக்க வேண்டும் என்ற கொள்கையை முன்வைத்தது. அதன் அடிப்படையில் 2020 ஆகஸ்டு 15 அன்று யூனியன் பிரதேசங்கள் ஆறில் சோதனைத் திட்டம் தொடங்கியது. 2021 செப்டம்பர் 27 அன்று 'ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன்' என்ற பெயரில் அது நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது.

இதில் நோயாளிக்கு 'ஆபா' எனப்படும் 14 இலக்க எண் வழங்கப்படுகிறது. நோயாளிகள், மருத்துவர்கள், மருத்துவமனைகள் ஆகியோரின் பதிவேடுகள் மையத்தில் உள்ளன. மருத்துவப் பதிவுகள் மையத்தில் இல்லை. ஒரு மருத்துவர் பழைய பதிவைக் கேட்டால், ஒப்புதல் கோரும் செய்தி நோயாளியின் கைப்பேசிக்கு வரும். எந்தப் பதிவை, எவ்வளவு காலத்துக்குக் காட்டலாம் என்பதை அவர் தீர்மானிக்கலாம். அவர் இசைந்த பிறகு, பதிவு மறைக்குறியீட்டு வடிவில் ஒரு மருத்துவமனையிலிருந்து மற்றொன்றுக்குச் செல்கிறது. 'ஃபயர்' என்னும் எச்.எல்.7 அமைப்பின் புதிய தரநிலை இதற்குப் பயன்படுகிறது.

கோட்பாட்டளவில் இது சான்டா பார்பராவின் வழித்தோன்றல். அங்கே இல்லாத அடையாள எண் இங்கே உண்டு. ஆயினும் அங்கே எழுந்த கேள்விகள் இங்கேயும் உள்ளன. சிறிய மருத்துவமனைகள் மென்பொருளுக்கும் தட்டச்சுப் பணிக்கும் செலவிட என்ன ஊக்கம் உண்டு? கைப்பேசி இல்லாதவரும் எழுத்தறிவு குறைந்தவரும் விளங்கிக்கொண்டுதான் ஒப்புதல் தருகிறார்களா? 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் இணையத் தாக்குதலால் முடங்கி, பணிகள் பல நாள்கள் கையெழுத்து முறையில் நடந்தன. பதிவை அந்தந்த இடத்தில் வைப்பதென்றால் அந்தந்த இடத்தின் காவலும் உறுதியாக இருக்க வேண்டும் என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது.

வரலாறு தரும் பாடங்கள்

இந்த அனுபவங்களைத் தொகுத்துப் பார்த்தால் சில செய்திகள் தெளிவாகின்றன.

1. முழு மைய முறையோ முழு நேரிடை முறையோ பெரிய அளவில் நிலைத்ததில்லை. நிலைத்தவை பெரும்பாலும் இரண்டும் கலந்தவை.

2. நோயாளியை உறுதியாக அடையாளம் காணும் வழியும் பொதுத் தரநிலைகளும் எந்த முறைக்கும் முன்தேவைகள்.

3. தொடக்க நிதியைக் காட்டிலும், திட்டம் தொடர்ந்து நடப்பதற்கான செலவை யார் ஏற்பது என்பதே அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

4. பதிவு எங்கே உள்ளது என்பதைவிட, அதை யார் பார்த்தார்கள் என்று நோயாளி அறிய முடிகிறதா என்பது நம்பிக்கைக்கு இன்றியமையாதது.

5. மருத்துவர்களையும் மக்களையும் கேட்காமல் மேலிருந்து சுமத்தப்படும் திட்டம், எத்தனை கோடி செலவிட்டாலும் வேர்பிடிப்பதில்லை.

மயங்கிய நிலையில் அவசர சிகிச்சைக்குக் கொண்டுவரப்படும் ஒருவருக்குப் பென்சிலின் ஒவ்வாது என்ற ஒற்றை வரி, உரிய நேரத்தில் மருத்துவர் கண்ணில் பட வேண்டும். அவருக்கு மனநோய் சிகிச்சை நடந்தது என்ற இன்னொரு வரி, அவருடைய முதலாளியின் கண்ணில் படக்கூடாது. முதலாவது உயிரைக் காப்பது. இரண்டாவது வாழ்வையும் மானத்தையும் காப்பது. இவ்விரண்டையும் ஒருசேர நிறைவேற்றும் முறையைத் தேடியே ஒவ்வொரு நாடும் இன்றுவரை முயன்றுவருகிறது.